சேமிக்கத் தெரியாததால்தான் வீடு இல்லையா?

அமெரிக்காவின் அட்லாண்டா புறநகரில் எந்தத் தமிழர் வீட்டு விருந்துக்குப் போனாலும், தயிர் சாதத்துக்கு வருவதற்குள் பேச்சு வீட்டு விலைக்கு வந்துவிடும். அங்கிருந்து இரண்டே நிமிஷத்தில் யாராவது ஒருவர் இதைச் சொல்வார்: “கறுப்பினத்தவர் எத்தனை தலைமுறையாக இந்த நாட்டில் இருக்கிறார்கள்! நாம் வந்து ஆறு வருஷத்தில் வீடு வாங்கிவிடுகிறோம். அவர்களுக்குச் சேமிக்கத் தெரியாது, அவ்வளவுதான். நிதிக் கல்வி கொடுத்தால் சரியாகிவிடும்.” உடனே கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒன்று எழும்: “அங்கிள், வகுப்பு எடுப்பதெல்லாம் கண்துடைப்பு. பிரச்சினையே வேறு.”

அப்புறம் ஐஸ்கிரீம் வரும். பேச்சு மாறிவிடும்.

நானும் ஒரு காலத்தில் அங்கிள் பக்கம் தலையாட்டியவன்தான். இப்போது இரண்டு பேர் சொல்வதும் பாதிப் பாதிதான் என்று படுகிறது. நிதிக் கல்வியால் ஆகும் காரியங்கள் உண்டு. அதை வைத்து எதுவுமே செய்ய முடியாத இடங்களும் உண்டு. இந்த எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதை, கடன், வட்டி பற்றி எதுவும் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் வெள்ளையர் குடும்பங்களில் 100க்கு சுமார் 73 குடும்பங்கள் சொந்த வீட்டில் இருக்கின்றன. கறுப்பினக் குடும்பங்களில் அது சுமார் 45. 1960இல் இதே கணக்கு 65க்கு 38 என்று இருந்தது. இனத்தைப் பார்த்து வீடு மறுப்பது சட்டப்படியே நடந்த காலம் அது. 60 வருஷத்துக்கு மேல் ஆகியும் இடைவெளி சுருங்கவில்லை. பார்க்கப்போனால் ஒரு சுற்று பெருத்திருக்கிறது.

சொந்த வீடு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

வாடகை மாதாமாதம் போய்விடும் பணம். வீட்டுக் கடன் தவணையில் ஒரு பகுதி வட்டியாகப் போகும், மறு பகுதி கடனின் அசலைக் குறைக்கும். 2,50,000 டாலர் பெறுமான வீட்டில் இன்னும் 2,00,000 டாலர் கடன் பாக்கி இருந்தால், மீதி 50,000 டாலர் உங்களுடையது. அந்தப் பங்குக்குத்தான் ஈக்விட்டி என்று பெயர். அவசரத்துக்கு நகையை அடகு வைப்பதுபோல அமெரிக்காவில் இந்த ஈக்விட்டியின் மேல் கடன் வாங்கலாம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், சின்னதாக ஒரு தொழில், வேலை போன நாலு மாதம் எல்லாமே இதில் ஓடும். பெற்றோர் காலமானால் பிள்ளைகள் கைக்கு வருவதும் பெரும்பாலும் இதுதான்.

2022ஆம் ஆண்டு மத்திய வங்கிக் கணக்கெடுப்பில், வெள்ளையர் குடும்பங்களை ஏழையிலிருந்து பணக்காரர் வரை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் நிகரச் சொத்து, அதாவது கடன் போக மிஞ்சுவது, 2,85,000 டாலர். கறுப்பினத்தவர் வரிசையின் நடுவில் நிற்கும் குடும்பத்துக்கு 44,900 டாலர். சம்பள வித்தியாசம் மட்டும் ஆறு மடங்கு வித்தியாசத்தைக் கொண்டு வராது. தாத்தா காலத்துக் கணக்கையும் பார்த்தால்தான் இது புரியும்.

ஜாமீன் கையெழுத்து யாருக்குக் கிடைத்தது?

1930களுக்கு முன்னால் அமெரிக்காவில் வீட்டுக் கடன் வாங்குவது பெரும்பாடு. பாதி விலையைக் கையில் வைத்திருக்க வேண்டும். மீதியை ஐந்து, பத்து வருஷத்துக்குள் அடைக்க வேண்டும். பெருமந்தத்தில் லட்சக்கணக்கான வீடுகள் ஏலத்துக்குப் போனபோது அரசு குறுக்கே வந்தது. 1934இல் எஃப்எச்ஏ என்ற கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் உருவானது. இது யாருக்கும் நேரடியாகக் கடன் கொடுக்கவில்லை. வங்கியிடம் போய், “நீ இவருக்குக் கடன் கொடு. இவர் கட்டாவிட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றது. நம் ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்க யாராவது ஜாமீன் கையெழுத்துப் போடுவார்களே, அதே வேலை. இங்கே ஜாமீன்தாரர் அரசாங்கம்.

பயம் போனதும் வங்கிகள் தாராளமாகக் கடன் கொடுத்தன. முன்பணம் குறைந்தது. தவணைக் காலம் 20, 30 வருஷம் என்று நீண்டது. ஆலைத் தொழிலாளியும் வீடு வாங்கலாம் என்ற நிலை வந்தது. அமெரிக்க நடுத்தர வர்க்கம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் கையெழுத்தில் எழுந்தது.

ஆனால் ஜாமீன்தாரர் எல்லாருக்கும் கையெழுத்துப் போடவில்லை. 1933இல் தொடங்கிய இன்னொரு அரசு அமைப்பு 200க்கும் மேற்பட்ட நகரங்களை ஏரியா ஏரியாவாகத் தரம் பிரித்து வரைபடம் போட்டது. பச்சை நல்லது, அடுத்து நீலம், அப்புறம் மஞ்சள், கடைசியில் ஆபத்தான சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் ஏறக்குறைய எங்கேயும் சிவப்புதான். எஃப்எச்ஏ தன் பங்குக்குத் தனி விதிப்புத்தகமே வைத்திருந்தது. இனங்கள் கலந்து வாழும் இடத்தில் வீட்டு விலை விழும் என்பது அதன் கணக்கு. ஆளின் வருமானத்தையோ நாணயத்தையோ பார்க்காமல், அவர் இருக்கும் ஏரியாவைப் பார்த்துக் கடனை மறுக்கும் இந்த வழக்கத்துக்குத்தான் ரெட்லைனிங் என்று பெயர்.

படித்தால் நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் டெட்ராய்ட்டில் இன்றும் போய்த் தொட்டுப் பார்க்கலாம். எய்ட் மைல் சாலைக்குப் பக்கத்தில் கறுப்பினக் குடும்பங்கள் மனை வாங்கிச் சொந்தமாக வீடு கட்டி வாழ்ந்துகொண்டிருந்தன. 1941இல் ஒரு கட்டுநர் அதை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்ட நினைத்தார். பக்கத்திலேயே கறுப்பினத்தவர் இருக்கிறார்கள் என்று எஃப்எச்ஏ கையெழுத்துப் போட மறுத்தது. அவர் நடுவில் 6 அடி உயரம், அரை மைல் நீளத்துக்கு ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பினார். உடனே அனுமதி கிடைத்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் நீண்ட தவணைக் கடன், இந்தப் பக்கம் ஒன்றும் கிடையாது. சுவர் இப்போதும் நிற்கிறது, ஒரு பகுதியில் ஓவியங்கள் தீட்டியிருக்கிறார்கள். தீண்டாமைச் சுவர்களைப் பற்றிக் கேள்விப்பட்ட நமக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு 1944இல் வந்த ஜிஐ பில் சட்டமும் இப்படித்தான் போனது. காகிதத்தில் அது எல்லாருக்கும் பொது. அது உறுதி சொன்ன கடனைக் கொடுக்க வேண்டியது உள்ளூர் வங்கி. மிஸிஸிப்பி மாநிலத்தில் 1947இல் எடுத்த கணக்கில், அரசு உத்தரவாதம் பெற்ற 3,200க்கும் மேற்பட்ட கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை 2. ஆம், இரண்டே இரண்டு.

வங்கி மூடிய கதவுக்கு வெளியே யார் நிற்பார்? கந்துவட்டிக்காரர் நிற்பார். சிக்காகோவின் நார்த் லாண்டேல் பகுதியில் 1961இல் ஒருவர் 27,500 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். விற்ற ஆள் அதை ஆறு மாதம் முன்னால் வாங்கியது 12,000 டாலருக்கு. இது கடன் பத்திரம் அல்ல, தவணை ஒப்பந்தம். கடைசித் தவணை கட்டி முடிக்கும் நாள் வரை வீடு விற்றவர் பெயரிலேயே இருக்கும். நடுவில் ஒரு தவணை தவறினாலும் வெளியே போக வேண்டும், கட்டிய பணம் அத்தனையும் போச்சு. மேலே சொன்ன ஈக்விட்டி இதில் ஒரு டாலர்கூடச் சேராது. 1950, 60களில் சிக்காகோவில் கறுப்பினக் குடும்பங்கள் வாங்கிய வீடுகளில் 75 முதல் 95 சதவீதம் வரை இப்படி விற்கப்பட்டவை என்று 2019இல் வந்த டியூக் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று சொல்கிறது. 27,500 டாலர் ஒப்பந்தத்தில் மாட்டிய அந்த மனிதரும் அக்கம்பக்கத்தாரும் 1968இல் சங்கம் கட்டி, தவணையை நிறுத்திப் போராடினார்கள்.

இந்தக் குடும்பங்கள் சேமிக்காமல் இல்லை. சிலர் இரண்டு வேலை பார்த்து இரண்டு மடங்கு விலை கட்டினார்கள். அங்கிளின் வாதம் எனக்கு உடைந்தது இந்த இடத்தில்தான்.

இதுவரை பார்த்தது: வீட்டுக் கடன் அரசின் ஜாமீனில் மலிவானது. அந்த ஜாமீன் ஏரியாவைப் பார்த்தும் இனத்தைப் பார்த்தும் மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டவர்கள் சேர்க்க முயன்றாலும் சொத்து சேராத ஒப்பந்தங்களுக்குள் தள்ளப்பட்டார்கள்.

சட்டம் மாறிய பிறகும் ஏன்?

மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று நியாய வீட்டுவசதிச் சட்டம் வந்தது. 1974இல் கடனில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம், 1977இல் வங்கிகள் தங்கள் சுற்றுவட்டார மக்களின் கடன் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற சட்டம். கதவு திறந்தது.

(ஒரு சின்ன விஷயம். நம்மவர்கள் இந்த நாட்டுக்குப் பெருமளவில் வர வழிவிட்ட குடியேற்றச் சட்டம் 1965இல் வந்தது. அதைச் சாத்தியமாக்கியதில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நாம் வந்து சேர்ந்து வீடு தேடியபோது கதவில் பூட்டு இல்லை. பூட்டை உடைத்தவர்கள் வேறு ஆட்கள்.)

கதவு திறந்தாலும் படியேற முன்பணம் வேண்டும். அது எங்கிருந்து வரும்? ஒரே சம்பளம், ஒரே வயது, ஒரே 2,50,000 டாலர் வீடு. வாங்குபவர்கள் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆளின் பெற்றோர் தங்கள் வீட்டின் ஈக்விட்டியிலிருந்து எடுத்து 20 சதவீத முன்பணம் 50,000 டாலரைக் கொடுத்துவிடுகிறார்கள். 6.5 சதவீத வட்டியில் 30 வருஷக் கடன், மாதம் சுமார் 1,264 டாலர்.

இரண்டாவது ஆளுக்கு அப்படிக் கொடுக்க யாரும் இல்லை. எஃப்எச்ஏ கடனில் 3.5 சதவீதம் முன்பணம் போதும், அதாவது 8,750 டாலர். அதைச் சொந்தமாகவே சேர்த்துவிட்டார். ஆனால் முன்பணம் குறைந்தால் கடன் காப்பீடு கட்ட வேண்டும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், இது காப்பாற்றுவது கடன் கொடுத்தவரை, பிரீமியம் கட்டுவது மட்டும் நாம். ஆரம்பத்தில் கடனில் 1.75 சதவீதம், அப்புறம் வருஷத்துக்கு 0.55 சதவீதம். எல்லாம் சேர்த்து மாதம் சுமார் 1,660 டாலர் வருகிறது. வரி, வீட்டுக் காப்பீடு இரண்டிலும் சேர்க்கவில்லை.

மாதம் 400 டாலர் வித்தியாசம். இரண்டாவது ஆள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவருடைய தாத்தா சுவரின் இந்தப் பக்கம் வீடு கட்டினார், அவ்வளவுதான். எந்த வகுப்பும் இந்த 400 டாலரை முழுசாக அழிக்காது. ஆனால் இந்தக் கணக்கின் ஓரங்களில் கை வைக்க முடிகிற இடங்கள் சில இருக்கின்றன. நிதிக் கல்வி வேலை செய்வது அங்கேதான்.

அண்ணாச்சி நோட்டும் கிரெடிட் ஸ்கோரும்

தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சியிடம் ஒரு நோட்டு இருக்கும். யார் 5ஆம் தேதிக்குள் பாக்கியைத் தீர்ப்பார், யார் இழுத்தடிப்பார் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஃபைக்கோ என்ற கிரெடிட் ஸ்கோர், அந்த நோட்டு ஓர் எண்ணாக மாறியது. 300இலிருந்து 850 வரை போகும். ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று நிறுவனங்கள் ஆளாளுக்கு நோட்டு வைத்திருக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: ரொக்கம் கொடுத்து வாங்குபவருக்கு அண்ணாச்சி நோட்டில் பக்கமே கிடையாது. கடனே வாங்காமல் ஒழுங்காக வாழ்ந்தவருக்கு அமெரிக்காவில் ஸ்கோரும் கிடையாது. நான் வந்த புதிதில் கையில் பணம் இருந்தும் போன் இணைப்புக்கு டெபாசிட் கேட்டார்கள். இங்கு வந்திறங்கிய தமிழர் பலரும் இந்த அவமானத்தை ருசித்திருப்பார்கள். நமக்கு அது இரண்டு வருஷத் தொல்லை. வங்கியே எட்டிப் பார்க்காத பேட்டைகளில் அது தலைமுறைக் கதை.

பல வருஷம் ஒரு நாள் தவறாமல் கட்டிய வாடகை, பெரும்பாலும் இந்த நோட்டில் ஏறுவதே இல்லை. புரூக்ளினில் கரீபியன் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்கள் சுசு என்ற ஒன்றைப் போட்டுத்தான் முன்பணம் திரட்டின. பத்து, இருபது பேர் வாரா வாரம் பணம் போடுவார்கள், முறை வரும்போது ஒருவர் மொத்தத்தையும் எடுப்பார். அட, நம்ம சீட்டு! அதில் ஒரு தவணைகூடத் தவறாதவருக்கும் ஸ்கோரில் ஒரு புள்ளி கிடைக்காது.

ஸ்கோரில் 35 சதவீதம் தவணையை நேரத்துக்குக் கட்டுவதைப் பொறுத்தது. 30 சதவீதம், இருக்கும் வரம்பில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மீதி, கணக்கின் வயது, புதுக் கடன், கடன் வகைகள். இதில் இரண்டாவதுதான் பலரைக் கவிழ்க்கிறது. கார்டு வரம்பு 1,000 டாலர். மாதம் 700 டாலருக்கு மளிகை, பெட்ரோல் வாங்கி, பில் வந்ததும் முழுசாகக் கட்டிவிடுகிறார் ஒருவர். வட்டி ஒரு பைசா இல்லை. ஆனால் பில் போடும் நாளில் நோட்டில் ஏறுவது 70 சதவீதம் பயன்பாடு. ஆள் கடனில் தத்தளிக்கிறார் என்று எண் முடிவு கட்டிவிடும். பில் தேதிக்கு நாலு நாள் முன்னாலேயே 500 டாலரைக் கட்டிவிட்டால் அதே செலவு 20 சதவீதமாகத் தெரியும். இது யாராவது சொன்னால்தான் தெரியும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அப்பா சொல்லிவிடுவார். சொல்வது மட்டுமா, 18 வயதிலேயே தன் பழைய கார்டில் பிள்ளையின் பெயரையும் சேர்த்துவிடுவார். அந்தக் கார்டின் 20 வருஷ நல்ல பெயர் பிள்ளையின் நோட்டிலும் ஏறும். சொத்து மட்டும்தான் வாரிசுக்குப் போகும் என்று யார் சொன்னது?

550 டாலர் கார், 87,000 டாலர் வீடு

ஸ்கோருக்கு அடுத்து வங்கி பார்ப்பது கடன் - வருமான விகிதம். பிடித்தம் போகும் முன் உள்ள மாதச் சம்பளத்தில் எத்தனை சதவீதம் கடன் தவணைகளுக்குப் போகிறது என்ற கணக்கு. 43 சதவீதம் என்பது அடிக்கடி காதில் விழும் எல்லை. கடனைப் பொறுத்து கொஞ்சம் முன்பின் ஆகும்.

மாதம் 5,000 டாலர் சம்பளம் என்றால் எல்லை 2,150 டாலர். கார் தவணை 550, கல்விக் கடன் 300, கார்டு 60. ஆக 910 போய்விட்டது. வீட்டுக்கு மிஞ்சுவது 1,240, வரியும் காப்பீடும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். இப்போது கார் தவணையை மட்டும் எடுத்துப் பாருங்கள். மாதம் 550 டாலர் 6.5 சதவீத வட்டியில் 30 வருஷத்துக்குச் சுமக்கக்கூடிய கடன் சுமார் 87,000 டாலர். வாசலில் நிற்கும் காருக்குள் 87,000 டாலர் வீடு உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக் கடன் கைக்கு வந்த பிறகு கார் வாங்கியிருந்தால் கதை வேறு. வரிசையை மாற்றியதுதான் தப்பு.

கல்விக் கடன் பக்கம் திரும்பினால் வகுப்பின் கை நீளம் தெரிந்துவிடும். இளநிலைப் பட்டம் முடித்த நாலு வருஷத்தில் கறுப்பினப் பட்டதாரிகளின் கல்விக் கடன் சராசரியாக 52,000 டாலரைத் தாண்டுகிறது, வெள்ளையருக்கு சுமார் 28,000 என்று 2016இல் புரூக்கிங்ஸ் ஆய்வு ஒன்று காட்டியது. காரை விற்கலாம், பட்டத்தை விற்க முடியாது.

நிதிக் கல்வி என்றால் எந்தக் கல்வி?

“காபி குடிப்பதை நிறுத்துங்கள், மாதம் 100 டாலர் மிஞ்சும்” என்பதும் நிதிக் கல்வி என்ற பெயரில்தான் வருகிறது. எனக்கு அதன் மேல் மரியாதை கிடையாது. அதைவிடப் பழைய, கசப்பான உதாரணம் ஒன்று உண்டு. அடிமை முறை ஒழிந்த 1865இல், விடுதலை பெற்ற மக்களுக்காக ஃப்ரீட்மென்ஸ் சேமிப்பு வங்கி தொடங்கியது. சேமிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், சிக்கனமாக இருங்கள் என்று ஊர் ஊராகப் பிரசாரம் நடந்தது. மக்கள் ஐந்து சென்ட், பத்து சென்ட் என்று கொண்டுவந்து போட்டார்கள். நிர்வாகிகள் அந்தப் பணத்தைக் கண்டபடி கடன் கொடுத்தார்கள். 1874இல் கடைசித் தலைவராக வந்த கறுப்பின உரிமைப் போராளி ஃபிரெடரிக் டக்ளஸ் தன் சொந்தப் பணம் 10,000 டாலரைப் போட்டும் தேறவில்லை. வங்கி மூடப்பட்டபோது 61,000 பேருக்கு மேல் பணம் மாட்டியது, ஏறக்குறைய 30 லட்சம் டாலர். மாணவர்கள் பாடத்தை ஒழுங்காகத்தான் படித்தார்கள். பள்ளிக்கூடம்தான் இடிந்து விழுந்தது.

வேலை செய்கிற வகை வேறு. அதற்கு வீடு வாங்குவோர் ஆலோசனை என்று பெயர். அமெரிக்க வீட்டுவசதித் துறை அங்கீகரித்த லாபநோக்கற்ற அமைப்புகள் நாடு முழுக்க இருக்கின்றன. கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்காக இயங்கும் அர்பன் லீக் அமைப்பின் கிளைகள் பல இதைச் செய்கின்றன. வெள்ளையர் தரகர் சங்கத்தில் இடம் கிடைக்காததால் 1947இல் ஃபுளோரிடாவின் டாம்பாவில் தனியாகச் சங்கம் அமைத்த கறுப்பின வீட்டுத் தரகர்கள் தங்களை ரியல்டிஸ்ட் என்று அழைத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கமும் இதில் நெடுங்காலமாக இருக்கிறது.

பொது வகுப்பு பெரும்பாலும் எட்டு மணி நேரம். முடித்தால் ஒரு சான்றிதழ். மாநில, நகர அரசுகளின் முன்பண உதவித் திட்டங்கள் பல இந்தச் சான்றிதழ் இல்லாமல் பைசா தராது. வகுப்பின் உடனடிப் பலன் என்றால் இதுதான், சில ஆயிரம் டாலர். ஆனால் நிஜமான வேலை அதற்குப் பிறகு தனியாக, மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து நடக்கிறது.

ஆலோசகர் மூன்று நிறுவனங்களின் அறிக்கைகளையும் அச்சடித்துப் பரப்புவார். பேனாவால் ஒவ்வொரு வரியாகப் போவார். இந்த ஆஸ்பத்திரி பாக்கி உங்களுடையதா? இல்லை, அதே பெயருள்ள சித்தப்பாவுடையது. சரி, இன்றைக்கே மறுப்புக் கடிதம் எழுதுவோம், பொதுவாக 30 நாளுக்குள் அவர்கள் விசாரித்தாக வேண்டும். இந்தக் கார்டை மூட நினைத்தீர்களா? வேண்டாம், உங்கள் நோட்டில் வயதான கணக்கு அதுதான். வாடகை கட்டிய வங்கி அறிக்கை 12 மாதத்துக்கு இருக்கிறதா? வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேன்னி மே நிறுவனம் 2021இலிருந்து கடன் பரிசீலனையில் ஒழுங்கான வாடகையையும் கணக்கில் எடுக்கிறது, அதை எடுத்து வையுங்கள். அப்புறம் ஒரு தாளில் எழுதித் தருவார்: முதலில் இது, மூன்றாவது மாதம் அது, பதினோராவது மாதம் கடனுக்கு மனு.

ஆலோசனையின் வடிவத்துக்கும் பலனுக்கும் தொடர்பு இருக்கிறது. குறைந்த வருமானக்காரர்களுக்கான சுமார் 40,000 கடன்களை வைத்து ஃபேன்னி மே போன்ற இன்னொரு நிறுவனமான ஃபிரெட்டி மேக்கின் ஆய்வாளர்கள் 2001இல் பார்த்தார்கள். நேரில் தனியாக ஆலோசனை பெற்றவர்கள் 90 நாள் தவணை தவறுவது 34 சதவீதம் குறைவாக இருந்தது. வகுப்பில் உட்கார்ந்தவர்களிடம் 26 சதவீதம் குறைவு. தொலைபேசி ஆலோசனையில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

இன்னொரு பலன் தற்காப்பு. 2000களில் கதவு வேறு மாதிரி திறந்தது. முன்பு கடன் கொடுக்க மறுத்த பேட்டைகளுக்குள், வட்டி ஏறிக்கொண்டே போகும் சப்-பிரைம் கடன்களோடு முகவர்கள் நுழைந்தார்கள். நல்ல கடனுக்குத் தகுதி இருந்தவர்களையும் அதில் தள்ளினார்கள் என்று அமெரிக்க அரசின் நீதித் துறை வழக்குப் போட்டது. கன்ட்ரிவைட் என்ற கடன் நிறுவனத்தின் விவகாரம் 2011இல் 33.5 கோடி டாலருக்கும், வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் விவகாரம் 2012இல் 17.5 கோடி டாலருக்கும் சமரசமாயின. அதற்குள் பல வீடுகள் ஏலத்துக்குப் போய்விட்டன. இன்று கடனுக்கு மனுப் போட்ட மூன்று வேலை நாளுக்குள் மூன்று பக்க மதிப்பீட்டுப் படிவம் ஒன்றைக் கடன் கொடுப்பவர் தந்தாக வேண்டும். ஆலோசகர் சொல்வது: மூன்று இடத்தில் வாங்குங்கள். முதல் இரண்டு பக்கங்களை மட்டும் அருகருகே வையுங்கள். எது வட்டி, எது கடன் கொடுப்பவர் தனக்குப் போட்டுக்கொண்ட கட்டணம் என்று அங்கே தெரியும். மாப்பிள்ளை பார்க்கிற வேலைதான். ஒரே ஜாதகத்தோடு முடிவு செய்யாதீர்கள்.

சுருக்கமாக: பொதுவான அறிவுரையை விட, உங்கள் காகிதங்களை வைத்து உங்கள் எதிரில் உட்கார்ந்து தரும் ஆலோசனைதான் பலன் தருகிறது. அது ஸ்கோரை நேராக்கும், கடன்களின் வரிசையைச் சரிசெய்யும், கிடைக்கக்கூடிய உதவிப் பணத்தைக் காட்டும், மோசமான கடனிலிருந்து தப்பிக்க வைக்கும்.

வகுப்பு எட்டாத இடம்

கலிஃபோர்னியாவின் மரின் சிட்டியில் ஒரு கறுப்பினத் தம்பதி 2020இல் தங்கள் வீட்டை மதிப்பிடச் சொன்னார்கள். 9,95,000 டாலர் என்று வந்தது. குடும்பப் படங்களை எல்லாம் கழற்றி, வெள்ளையினத் தோழி ஒருவரை வீட்டுக்காரராக நிற்க வைத்து, வேறு மதிப்பீட்டாளரை வரவழைத்தார்கள். 14,82,500 டாலர். சுவர், கூரை, சமையலறை எல்லாம் அதேதான். கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் வீடுகளின் மதிப்பு, அதே தரமான வேறு பகுதி வீடுகளைவிட சராசரியாக 23 சதவீதம், அதாவது வீட்டுக்கு 48,000 டாலர் குறைவாக இருக்கிறது என்று 2018இல் புரூக்கிங்ஸ் கணக்கிட்டது. வீட்டுக் கடன் மனு நிராகரிக்கப்படுவதும் வெள்ளையரைவிட இரண்டு மடங்குக்கு மேல். இங்கே படிக்க வேண்டியது வீடு வாங்குபவர் அல்ல.

இலினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரம் வேறு வழியில் போனது. பழைய வீட்டுப் பாகுபாட்டுக்கு ஈடாக, தகுதியுள்ள கறுப்பினக் குடிமக்களுக்கு முன்பணத்துக்கோ பழுது பார்க்கவோ கடனை அடைக்கவோ தலா 25,000 டாலர் தரும் திட்டத்தை 2021இல் நிறைவேற்றியது. நான் மேலே போட்ட கணக்கில் இரண்டாவது ஆளின் முன்பணத்தோடு அந்த 25,000 டாலரைச் சேர்த்துப் பாருங்கள். 400 டாலர் வித்தியாசம் சட்டென்று இறங்கும்.

கடைசி மணி நேரம்: உயில்

வீடு வாங்கிய பிறகு நடப்பதைப் பற்றிப் பல வகுப்புகள் பேசுவதில்லை. பேசுகிற வகுப்புகளை எனக்குப் பிடிக்கும். தென் கரோலினாக் கடற்கரையில் கல்லா கீச்சி என்று அழைக்கப்படும் மக்கள் உள்நாட்டுப் போருக்குப் பின் நிலம் வாங்கினார்கள். நீதிமன்றமும் வக்கீலும் தங்களுக்கு எதிராகவே இருந்த காலம் என்பதால் உயில் எழுதவில்லை. நிலம் பிள்ளைகளுக்கு, பேரன்களுக்கு, கொள்ளுப்பேரன்களுக்கு என்று பிரிக்காத பொதுச் சொத்தாக இறங்கியது. பாகம் பிரிக்காத பூர்வீக நிலம் என்றால் நமக்கு உடனே புரியும். எங்கோ வெளியூரில் இருக்கும் ஒரு பங்காளியின் சின்னப் பங்கை ரிசார்ட் கட்டுபவர் வாங்குவார். வாங்கியவர் நீதிமன்றம் போய் மொத்த நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவருவார். இப்படிப் போன நிலம் ஏராளம்.

இதைத் தடுக்க மாதிரிச் சட்டம் ஒன்று 2010இல் எழுதப்பட்டது. விற்கும் முன் மற்றப் பங்காளிகளுக்கு அந்தப் பங்கை வாங்க வாய்ப்புத் தர வேண்டும், நிலத்தை நியாயமாக மதிப்பிட வேண்டும் என்கிறது அது. ஜார்ஜியா 2012இல் ஏற்றது. தென் கரோலினா 2016இல் ஏற்று, முந்தின வருஷம் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட போதகரும் மாநில செனட்டருமான கிளெமென்டா பிங்க்னியின் பெயரை அதற்கு வைத்தது. ஆனால் சட்டம் கை கொடுப்பது தகராறு நீதிமன்றத்துக்கு வந்த பிறகுதான். அதனால் சில வகுப்புகளில் சாவியை வாங்கிய கையோடு திரும்பி வரச் சொல்கிறார்கள். அன்றைக்கு மேசையில் கிரெடிட் அறிக்கை இருக்காது. வெள்ளைத்தாள் ஒன்று இருக்கும், அதில் ஆலோசகர் முதலில் கேட்பது இதுதான்: உங்களுக்குப் பிறகு இந்த வீடு யார் பெயரில்?